காரணம் ஒரு வரியில்

மே 29

அக்கா,

நீ போனை எடுக்க மாட்டாய். மூன்று வாரமாக என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நேற்று மாலை விருது விழா முடிந்தது. நீ வரவில்லை. கால்பந்துச் சங்கத்தின் அரங்கில் முன் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டு, பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். புதுச் செருப்பு வேறு கடித்தது. நாட்டின் சிறந்த வீராங்கனை என்று சொல்லி உறையைப் பிரித்தபோது நான் பாதி எழுந்தே விட்டேன் அக்கா. பாதி எழுந்த பிறகு வேறு பெயரைப் படித்தார்கள். வடக்கு அணியின் நடுக்கள ஆட்டக்காரி, முப்பத்தைந்து புள்ளி. எனக்கு முப்பத்து நான்கு. எழுந்தவள் எழுந்தபடியே கைதட்டிச் சமாளித்தேன். டிவியில் பார்த்தவர்கள் எல்லாம் "என்ன பெரிய மனசு பாரு" என்கிறார்களாம். பெரிய மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. திரும்ப உட்கார வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

சரி, தோற்பது எனக்குப் புதிதா? அதை விடு. இன்று காலை சங்கம் வழக்கம்போல பன்னிரண்டு கேப்டன்களின் வாக்குப் படிவங்களையும் இணையத்தில் போட்டது. ஆலையில் பேக்கிங் பிரிவில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உனக்குத் தெரியாததையா சொல்லப் போகிறேன்? சொந்த அணியைத் தவிர்த்து மூன்று பெயர். முதல் பெயருக்கு ஐந்து புள்ளி, அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் ஒரு வரியில். துறைமுக அணியின் படிவத்தைத் திறந்தால் உன் குண்டு குண்டான கையெழுத்து. மூன்று பெயர். மூன்றிலும் நான் இல்லை.

கடைசியாகப் போட்டிருந்தால்கூட இரண்டு பேருக்கும் சமமாகியிருக்கும். இரண்டாவதாகப் போட்டிருந்தால் எனக்கே கிடைத்திருக்கும். முன்பின் தெரியாத கேப்டன்கள் எல்லாம் என் பெயரை எழுதியிருக்கிறார்கள். கூடப் பிறந்தவளுக்கு மனசு வரவில்லை. இருபத்தோரு கோல் அடித்தேனே, ஒன்றுகூட உன் கண்ணில் படவில்லையா? கடைசி ஆட்டத்தில் உங்களை ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினோமே, அந்தக் கோபமா? பொறாமையா? பேக்கிங் பிரிவில் ஒருத்தி கேட்கிறாள்: "உங்க அக்காவுக்கும் உனக்கும் ஏதாவது சொத்துத் தகராறாடி?" இரண்டு அறை வீட்டில் என்ன சொத்து, என்ன தகராறு.

அம்மா ஃபிரிட்ஜின் மேலே இருந்த ரேடியோ, பழைய காலண்டர், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, துடைத்து, கோப்பைக்கு இடம் பண்ணி வைத்திருந்தாள். இன்று காலை மாத்திரை டப்பாவை மறுபடி அங்கே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மற்ற மூன்று பேருக்கும் காரணம் எழுதத் தெரிந்ததல்லவா? எனக்கும் எழுதி அனுப்பு. ஒரு வரி போதும்.

வாண்டு


ஜூன் 6

வாண்டு,

கடிதம் கிடைத்தது. எழுத்துப் பிழை நான்கு. பரவாயில்லை.

அம்மாவின் கண்ணாடிக்கு மூக்குப் பகுதி உடைந்து நூல் சுற்றி வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். புதிதாக வாங்கிக் கொடு. மாட்டேன் என்பாள், கேட்காதே.

படிவத்தில் மூன்று பேரை எழுதினேன். மூன்று பேரும் நன்றாக ஆடினார்கள். பொறாமை என்றாய். பொறாமைக்காரி எவளாவது தன் பூட்ஸுக்குள் துணி அடைத்துத் தங்கைக்கு மாட்டிவிட்டு, இவள் உதைக்கும் பந்தையெல்லாம் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு சந்தில் நிற்பாளா? யோசித்து எழுது.

நீ கேட்ட காரணம் உனக்கே தெரியும். கடைசி ஆட்டம், எழுபத்தெட்டாவது நிமிடம். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா


ஜூன் 11

அக்கா,

கல்லுளிமங்கி மாதிரி மழுப்பாதே. எழுபத்தெட்டாவது நிமிடத்தில் என்ன நடந்தது என்று நாடே பார்த்தது. நான் பந்தோடு வந்தேன், நீ பாய்ந்தாய், உன் கை என் காலில் பட்டது, நான் விழுந்தேன். ரெஃப்ரீ பக்கத்திலேயே இருந்தார். விசில் ஊதினார். உனக்குச் சிவப்பு அட்டை கொடுத்தார். பெனால்டியை நான் போட்டேன். இதில் என் தப்பு என்ன? மூன்று கேமராவில் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றிலாவது படவில்லை என்று தெரிந்ததா? தெரியவில்லை. அப்புறம் என்ன?

நான் சொல்வதுதான் சரி. பட்டது. பட்டதால்தான் விழுந்தேன். பட்டிருக்காவிட்டால் ஏன் விழப் போகிறேன்?

சிவப்பு அட்டை வாங்கிய கடுப்பை என் மேல் காட்டுகிறாய். அட்டை கொடுத்தது நானா? காதில் பூ சுற்றுகிற வேலையை வேறு யாரிடமாவது வைத்துக்கொள்.

அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கிவிட்டேன். "அக்காதானே சொன்னா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போட்டுக்கொண்டாள்.

வாண்டு


ஜூன் 20

வாண்டு,

ஒரே கடிதத்தில் "பட்டது" என்று மூன்று தடவை எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார். உண்மையை யாரும் அத்தனை தடவை சொல்ல மாட்டார்கள்.

நீ கேட்ட ஒரு வரி இதுதான்: என் கை உன் காலில் படவில்லை.

நீ தனியாக வந்தாய். நான் வெளியே வந்து பாய்ந்தேன். பந்து என் விரலுக்கு எட்டவில்லை. உன் காலும் எட்டவில்லை. புல்லைத்தான் பிடித்தேன், கையுறைக்குள் மண் இருந்தது. உனக்கோ பந்து நீளமாகப் போய்விட்டது, கோல் வராது. அரை எட்டு வைத்த பிறகு விழுந்தாய். விழும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாய் பார், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கேமராவை என் முதுகு மறைத்துக்கொண்டது. நடந்தது தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்.

கோப்பை போனது போகட்டும். சிவப்பு அட்டை வாங்கியவள் அந்த வருஷம் எந்த விருதுக்கும் பட்டியலில் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறதல்லவா? சிறந்த கோல்கீப்பர் பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருந்தது. இருபத்திரண்டு ஆட்டத்தில் பதின்மூன்றில் ஒரு கோலும் விடவில்லை. பதினான்கு வருஷமாக ஆடுகிறேன், இதற்கு முன் மஞ்சள் அட்டையே மூன்றுதான். கேப்டன் என்ற முறையில் எனக்கும் படிவம் வந்தது. திறந்து பார்த்தால் கோல்கீப்பர் பட்டியலில் முதல் பெயரின் மேல் சிவப்புக் கோடு. அதே படிவத்தில்தான் உனக்கு வாக்குப் போட உட்கார்ந்தேன்.

போடவில்லை என்று நினைக்கிறாய். போட்டேன். மூன்றாவது இடத்தில் உன் பெயரை எழுதினேன். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நல்லதாக எழுதினால் பொய். உள்ளதை எழுதினால் நீ காலி. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உன் பெயரை அடித்துவிட்டு வேறு பெயரை எழுதினேன். இணையத்தில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார், அடித்த தடம் தெரியும்.

இங்கே என் நிலைமையைக் கேள். துறைமுகத்தில் எடைமேடை அறையில்தான் இன்னும் வேலை. லாரி வந்து மேடையில் நிற்கும், எடையைப் பார்த்துச் சீட்டு கிழித்துக் கொடுப்பேன். சீட்டை வாங்க ஜன்னலுக்குள் கையை விடுகிற டிரைவர் ஒருத்தர் தினமும் கேட்கிறார்: "மேடம், கையைத் தட்டி விட்டுட மாட்டீங்களே?" சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார். நானும் சிரித்துக்கொண்டேதான் சீட்டைக் கொடுக்கிறேன். எங்கள் கோச் சிரிக்கவில்லை. "சொந்தத் தங்கச்சியவே தட்டி விடற அளவுக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

அதையும் தாங்கிக்கொண்டேன். அம்மா அன்று போனில் சொன்னாள்: "பெரியவ நீ. அவ ஜெயிச்சா உனக்கென்னடி குறைஞ்சு போச்சு?" அப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வேண்டுமென்றே உன்னைத் தட்டிவிட்டேன் என்று நம் அம்மா நம்பினாள். இன்றைக்கும் நம்புகிறாள்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். திறந்தால் இரண்டு மகள்களில் ஒருத்தி பொய் சொல்கிறாள் என்றாகும். எவள் என்று அம்மா முடிவு செய்ய வேண்டும். அந்த வேலையை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு இல்லை. எனக்கு விருது வேண்டாம் வாண்டு. நடந்தது நடந்தபடி ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும். சொல்லக்கூடிய ஆளும் ஒரே ஒரு ஆள்தான்.

இதற்குப் பதில் எழுத அவசரப்படாதே.

அக்கா


செப்டம்பர் 14

அக்கா,

அவசரப்படாதே என்றாய், மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். நான்கு காகிதத்தைக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் ஒட்டிவிட வேண்டும்.

அடித்த தடத்தைப் பார்த்தேன். போனில் விரலை வைத்து இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன். என் பெயரின் முதல் எழுத்து தெரிந்தது. அன்று பேக்கிங் பிரிவில் இருபது பெட்டிக்குத் தப்பான லேபிள் ஒட்டி, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு செய்தி. என்னைக் கேப்டன் ஆக்கியிருக்கிறார்கள். கைப்பட்டை எனக்குப் பெரிதாக இருக்கிறது, ஓடினால் முழங்கைக்கு இறங்கிவிடுகிறது. அம்மா பின் குத்திக் கொடுத்தாள். "உங்க அக்கா பட்டையும் இப்படித்தான் நழுவும்" என்றாள். உன் பேச்சை அவளாக எடுத்தது எனக்கு என்னவோ போல இருந்தது.

உன் கடிதத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று எனக்கே தெரியும். வாய் வரை வருகிறது, வெளியே வரவில்லை. அடுத்த மாதம் உங்கள் அணி இங்கே ஆட வருகிறது. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்காதே. நான் பார்ப்பேன்.

வாண்டு


அக்டோபர் 9

வாண்டு,

ஆட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உன் கோல் நல்ல கோல். நான் வலது பக்கம் எடை போட்டு நிற்கிறேன் என்று பார்த்துவிட்டு இடது மூலைக்குத் தள்ளினாய். பந்தை ஓங்கி உதைக்காமல் தள்ளினாய், அது புதிது. நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. யார் சொல்லிக் கொடுத்தது?

ஆட்டம் முடிந்து கை கொடுக்க வந்தாய். உன் கை ஜில்லென்று இருந்தது. நான் சரியாகப் பிடிக்கவில்லை என்று பிறகு தோன்றியது. கையுறையைக் கழற்றிவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

கைப்பட்டைக்குப் பின் குத்தாதே, விழுந்தால் குத்திவிடும். உள்பக்கம் இரண்டு தையல் போடு.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

இனி என்னை யாரும் "கோல் மெஷின்" என்று கூப்பிட மாட்டார்கள். உங்கள் மைதானத்தில், காலியான கோலுக்கு முன்னால், கடைசி நிமிடத்தில் பந்தைக் கம்பத்தில் அடித்தவளை என்னவென்று கூப்பிடுவார்கள்? ஆட்டம் சமன். முதலிடம் போயே போய்விட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் ஒருத்தியும் என் பக்கத்தில் உட்காரவில்லை, பையைத்தான் வைத்தார்கள்.

கோச் டிரஸ்ஸிங் ரூமில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "நீ உங்க அக்காவைத் தாண்டிப் போறப்ப தடுமாறின. எனக்குத் தெரிஞ்சது. அவ கை பட்டுச்சா இல்லையா?"

"இல்ல சார்."

"பட்டிருந்தா விழ வேண்டியதுதானே? பெனால்டி, அவளுக்குச் சிவப்பு அட்டை, ஆட்டம் நமக்கு. போன வருஷம் விழத் தெரிஞ்சுதுல்ல?"

"படலை சார். நானாத்தான் தடுமாறினேன்."

அவர் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். ஆனால் "போன வருஷம் விழத் தெரிஞ்சுதுல்ல" என்றார் பார், அது சுருக்கென்று தைத்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது அக்கா. தெரிந்துகொண்டேதான் அன்று என்னைத் தோளில் தூக்கியிருக்கிறார்.

இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது. எழுதுவேன்.

வாண்டு


பிப்ரவரி 25

வாண்டு,

இதனுடன் ஒரு கணுக்கால் பட்டை அனுப்பியிருக்கிறேன். வலது காலுக்கு. ஒரு வாரம் ஐஸ் வை. பயிற்சிக்குப் போய் வீராப்புக் காட்டாதே.

உன் கோச்சிடம் நீ சொன்ன பதிலைப் பல தடவை படித்தேன். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. என்னவென்று சொல்ல. பிறகு எழுதுகிறேன்.

அக்கா


மே 20

அக்கா,

உட்கார்ந்து படி. இது நீளமான கடிதம்.

முதலில் ஒன்று. கால் வலிக்கிறது என்று நான் சொல்லவே இல்லையே, பட்டை எப்படி வந்தது? அதுவும் சரியான காலுக்கு? உன் கண் பொல்லாத கண்.

இந்த வருஷம் நான் இருபத்து நான்கு கோல். லீக்கை ஜெயிக்கவில்லைதான். ஆனால் பேப்பர்காரர்கள் எல்லாம் விருது எனக்குத்தான் என்று எழுதிவிட்டார்கள். அம்மா இரண்டு வாரத்துக்கு முன்பே ஃபிரிட்ஜ் மேலே துடைத்துவிட்டாள். மாத்திரை டப்பாவை ஜன்னலுக்கு மாற்றியாயிற்று.

வாக்குப் படிவம் போன வாரம் ஆலைக்கே வந்தது. கேப்டன் என்று என் பெயரை அச்சடித்து. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து நிரப்பினேன். சிறந்த வீராங்கனைக்கு மூன்று பெயர் எழுதினேன், காரணம் எழுதினேன், சுலபமாக இருந்தது. கீழே சிறந்த கோல்கீப்பர். அதற்கு ஒரே பெயர், ஒரே காரணம். உன் பெயரை எழுதினேன். "நன்றாகத் தடுத்தார்" என்று எழுதலாம். எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள். எனக்கும் உன்னைப் போலவே பேனா நின்றுவிட்டது. ஆனால் உன்னை மாதிரி அரை மணி நேரம் உட்காரவில்லை. அதற்குள் மணி அடித்துவிடும் என்ற பயத்திலேயே எழுதிவிட்டேன்:

"போன வருஷக் கடைசி ஆட்டத்தில் இவர் கை என் காலில் படவில்லை. நான் விழுந்தேன்."

சங்கத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அதைச் செய்யாமல் அனுப்பினால் அம்மா இணையத்தில் படிப்பாள். அது தப்பு. சமையலறையில் நின்றுகொண்டே சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள். புதுக் கண்ணாடியைக் கழற்றினாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "அவகிட்ட நான் மூணு நாள் பேசாம இருந்தேனேடி" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நாள் கழித்து சங்கத்திலிருந்து படிவங்களைச் சரிபார்க்கும் மேடம் ஒருவர் போன் பண்ணினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த வரி அப்படியே வெளியே வரும்மா. ஒழுங்குக் குழுவுக்கும் போகும். நடிச்சு விழுந்ததா ஒத்துக்கிட்டா மூணு ஆட்டம் தடை. விருதுப் பட்டியல்லேர்ந்தும் பேரை எடுத்துடுவாங்க. இந்த வருஷப் பட்டியல்லேர்ந்து."

கையிலிருந்த லேபிள் கட்டைக் கீழே வைத்தேன்.

"நான் இன்னும் யார்கிட்டயும் காட்டலை. புதுப் படிவம் ஒண்ணு அனுப்பறேன். நல்லாத் தடுத்தாங்கன்னு எழுதிடு. இது என் மேசையிலேயே காணாமப் போயிடும். இந்த வருஷம் உனக்குத்தான் வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். எதுக்கும்மா உனக்கு இந்த வேலை?"

பொய் சொல்லவில்லை அக்கா, மனசு ஆடிவிட்டது. ஃபிரிட்ஜ் மேலே காலியாக இருந்த இடம் கண் முன்னால் வந்தது. பாதி எழுந்து நின்றேனே போன வருஷம், அதுவும் வந்தது. ஒரு மணி நேரம் கேட்டேன். லேபிள் ஒட்டிக்கொண்டே யோசித்தேன். கால் தானாக மடங்கியது, தானாக மடங்கியது என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தானாக மடங்கவில்லை. பந்து போய்விட்டது, இனிமேல் கோல் வராது என்று தெரிந்தது. விழுந்தேன். விழும்போது நீ கையுறையோடு புல்லில் கிடந்து என்னைப் பார்த்தாய். "என்னடி பண்றே" என்கிற மாதிரி பார்த்தாய். அந்தப் பார்வைக்கு இருபத்து நான்கு கோல் அடித்தும் பதில் சொல்ல முடியவில்லை.

திரும்பக் கூப்பிட்டேன். "அதே வரிதான் மேடம். கையெழுத்து புரியுதா?"

"நல்லாவே புரியுதும்மா" என்றார்.

நேற்று ஒழுங்குக் குழுவின் கடிதம் வந்தது. மூன்று ஆட்டம் தடை. பட்டியலில் என் பெயர் இல்லை. உன் போன வருஷச் சிவப்பு அட்டை ரத்து, உனக்கும் எழுதியிருப்பார்கள். கோச் என்னோடு பேசுவதில்லை. கைப்பட்டையைத் திருப்பிக் கேட்டார். மற்ற பெண்கள் போய், "அவதான் எங்க கேப்டன்" என்றார்களாம். பஸ்ஸில் பையை வைத்தவர்கள்தான். அதனால் பட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உள்பக்கம் இரண்டு தையல் போட்டிருக்கிறேன்.

அவர்கள் யாரும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். அட்டையை ரத்து செய்ததோடு முடிந்தது என்பார்கள். நான் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு அக்கா. அட்டைக்காக மட்டும் இல்லை. அம்மா உன்னோடு பேசாத அந்த மூன்று நாளும் நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக.

விழாவுக்கு நான் வர முடியாது. நீ போ. நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு போ.

வாண்டு


மே 29

வாண்டு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அம்மா வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி, ஒரு கைப்பையோடு நேராக எடைமேடைக்கே வந்து நின்றாள். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அம்மா நகரவில்லை. திரையில் அறுபது கிலோ என்று காட்டியது. "தள்ளி வாம்மா, அது லாரிக்கு" என்று நான் ஜன்னல் வழியாகக் கத்துகிறேன். அவள் மேடையின் நடுவில் நின்றபடியே, "நீ ஏன்டி என்கிட்ட சொல்லலை?" என்றாள். எல்லா டிரைவர்களும் பார்த்தார்கள். நான் சீட்டுக் கட்டை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். அன்றைக்கு எடை பார்க்க வந்த லாரிகள் கால் மணி நேரம் காத்திருந்தன. கையைத் தட்டிவிடுவாயா என்று கேட்பாரே, அந்த டிரைவர்தான் மற்றவர்களிடம் "பொறுங்கப்பா, அவசரம் இல்லை" என்று சொன்னாராம்.

விழாவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கோல்கீப்பர் விருது எனக்கு வந்தது. ஏழு வாக்கு. மேடையில் ஏதாவது பேசச் சொன்னார்கள். ஒரு நன்றியோடு இறங்கிவிட்டேன். கோப்பை நினைத்ததைவிடக் கனம், அடிப்பக்கத்தில் விலைச் சீட்டை ஒட்டிய பசை இன்னும் இருக்கிறது. அம்மா நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.

சிறந்த வீராங்கனை விருது மறுபடி அந்த வடக்கு அணிப் பெண்ணுக்கு. இறங்கி வரும்போது என்னிடம் வந்தாள். "உங்க தங்கச்சி இருந்திருந்தா எனக்குக் கிடைச்சிருக்காது. அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

இப்போது என் விஷயம். நீ உன் தப்பை எழுதினாய். நான் எழுத வேண்டியது பிப்ரவரியிலிருந்து பாக்கி இருக்கிறது.

கணுக்கால் பட்டை எப்படி வந்தது என்று கேட்டாயே. என் கண் பொல்லாத கண் இல்லை. பட்டது என் கை. விரல் எலும்பில் உன் கணுக்கால் இடித்தது எனக்குத் தெரிந்தது. நீ தடுமாறினாய், ஒரு கையை ஊன்றினாய், எழுந்து ஓடினாய், கம்பத்தில் அடித்தாய். விழுந்திருந்தால் இந்தத் தடவை அது நியாயமான பெனால்டி. நடுவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. உனக்கு ஒரு வருஷமாக உபதேசம் பண்ணியவள், அன்று எங்களுக்கு ஒரு புள்ளி வேண்டும் என்று பேசாமல் பந்தை எடுத்து வைத்தேன். நீயோ உன் கோச்சிடம் படவில்லை என்று எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அந்தக் கடிதத்தைப் படித்த அன்றே போய்ப் பட்டையை வாங்கினேன். நான் உன்மேல் வைத்திருந்த கோபத்தில் எவ்வளவு என் பெருமை என்று அன்றுதான் தெரிந்தது. நீயும் என்னை மன்னித்துவிடு.

அதனால் எனக்குப் படிவம் வந்ததும் நானும் எழுதினேன். உன் படிவத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, என்னுடையதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. சங்கத்து மேடம் எனக்கும் போன் பண்ணினார். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை. "ஏம்மா, உங்க வீட்டுல எல்லாரும் எங்க படிவத்துலதான் பேசிக்குவீங்களா?" என்றார். நடுவர் பார்க்காமல் விட்டதற்குப் பின்னால் அட்டை கொடுக்க விதி இல்லையாம். அப்படியே வெளியிடுங்கள் என்றேன்.

இன்று காலை வெளியிட்டுவிட்டார்கள். நீ பார்த்திருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். முதல் இடத்தில் உன் பெயர் எழுதியிருந்தேன். பட்டியலில் நீ இல்லாததால் செல்லாது என்று அதன் மேல் கோடு போட்டுவிட்டார்கள். ஐந்து புள்ளியும் வீண். ஆனால் கோடு பெயர் மேல்தான் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் காரணம் நன்றாகவே படிக்க முடிகிறது:

"பிப்ரவரி ஆட்டத்தில் என் கை இவர் காலில் பட்டது. இவர் விழவில்லை."

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். சனிக்கிழமை அம்மாவைக் கொண்டுவந்து விடுகிறேன், கோப்பையும் வருகிறது. ஃபிரிட்ஜ் மேலே நடுவில் வைக்கிறேன் என்றாள் அம்மா. வேண்டாம், ஓரமாக வை என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வருஷம் பாதி இடம் வேண்டும்.

அக்கா